சர்க்கரையின் கோட்டைப் படிப்போம்

(காணிப்பாக்கத்தில் உள்ள வளர்கல்வி மையத்தில் தொண்டர் ஒருவர் பேசியது)



போன வாரம் கரண்டு பில் படித்தோம். யூனிட் எத்தனை, ரூபாய் எத்தனை என்று பார்த்தோம். இன்று வேறு எண்களைப் படிப்போம். நம் ரத்தத்தில் ஓடுகிற எண்கள்.

சர்க்கரை நோயைத்தான் சொல்கிறேன். நாம் எல்லோரும் ‘சுகர்’ என்றுதான் சொல்கிறோம். நானும் அப்படியே சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் யாருக்காவது சுகர் இருக்கிறதா? கையைத் தூக்குங்கள். பாருங்கள், எத்தனை கைகள்! இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. சென்னையில் உள்ள மெட்ராஸ் சர்க்கரை நோய் ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுவதும் ஒரு கணக்கு எடுத்தன. 1 லட்சம் பேருக்கு மேல் சோதித்தார்கள். 2023இல் முடிவு வந்தது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சுகர் இருக்கிறதாம். பட்டணத்தில் அதிகம். ஆனால் கிராமத்தையும் விடவில்லை.

இப்போது ஒரு கேள்வி. உங்கள் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? காலையில் போய் எட்டிப் பார்ப்பீர்கள். ராத்திரி முழுக்க ஊறிய தண்ணீர். நிறையத் தெரியும். அப்புறம் மோட்டார் போடுங்கள். 3 மணி நேரம் கழித்துப் பாருங்கள். படிக்கட்டின் அடி தெரியும். காலையில் பார்த்ததும் உண்மை. மத்தியானம் பார்த்ததும் உண்மை.

சுகர் டெஸ்டும் அப்படித்தான். காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்துகிறார்கள். ஒரு சொட்டு ரத்தம். 118 என்று வருகிறது. ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சந்தோஷமாக வீட்டுக்கு வருகிறோம். ஆனால் அது காலை 7 மணிக் கணக்கு. இட்லி சாப்பிட்ட பிறகு 9 மணிக்கு எவ்வளவு? ராத்திரி 3 மணிக்கு எல்லோரும் தூங்கும்போது எவ்வளவு? அந்த ஒரு சொட்டுக்கு அது தெரியாது.

இங்கே இருக்கும் தாத்தாமார்களுக்குப் பழைய காலத்து டெஸ்டு நினைவிருக்கும். கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீர் ஊற்றுவார்கள். அதில் சில சொட்டு மூத்திரம் விட்டுச் சூடு காட்டுவார்கள். நிறம் மாறாவிட்டால் சுகர் இல்லை. பச்சை ஆனால் கொஞ்சம். மஞ்சள் ஆனால் அதிகம். செங்கல் நிறம் ஆனால் ரொம்ப அதிகம். இதில் ஒரு குறை உண்டு. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டினால்தான் அது மூத்திரத்தில் இறங்கும். அதுவரை குழாய் நீலமாகவே இருக்கும். சர்க்கரை குறைந்து ஆள் மயங்கி விழுகிற நிலையில் இருந்தாலும் நீலம்தான்.

சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் 1948இல் டாக்டர் எம். விசுவநாதன் என்பவர் சுகருக்கு என்றே தனிப் பிரிவு தொடங்கினார். 1954இல் ராயபுரத்தில் சுகருக்கென்று தனி ஆஸ்பத்திரியே கட்டினார். அந்தக் காலத்து நோயாளிகளுக்கு வீட்டில் இருந்த டெஸ்டு இந்த நீலத் தண்ணீர்தான். அப்புறம்தான் விரலைக் குத்திப் பார்க்கும் சின்ன மிஷின் வந்தது. குளுக்கோமீட்டர் என்கிறோமே, அது. அது பெரிய வசதிதான். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனாலும் அது கிணற்றை ஒரு தரம் எட்டிப் பார்ப்பதுதான்.

நாள் முழுக்கக் கிணற்றின் ஓரத்திலேயே ஒரு ஆளை உட்கார வைத்தால்? அந்த ஆள்தான் இப்போது வந்திருக்கும் சென்சார்.

படத்தைப் பாருங்கள். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை வில்லை. கையின் மேல்பகுதியில், பின்பக்கம் ஒட்டுகிறார்கள். வில்லையின் அடியில் மெல்லிய இழை ஒன்று உண்டு. முடி மாதிரி. அரை சென்டிமீட்டர் நீளம்தான். அது தோலுக்கு அடியில் இருக்கும். ஒட்டும்போது எறும்பு கடித்த மாதிரி இருக்கும். அப்புறம் அது இருப்பதே மறந்துபோகும் என்று போட்டவர்கள் சொல்கிறார்கள்.

நம் தோலுக்கு அடியில் ஒரு வகை நீர் இருக்கிறது. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை அந்த நீருக்கும் வரும். இழையில் ஒரு மருந்து பூசியிருக்கும். சர்க்கரை அதில் பட்டால் மிக மிகச் சின்ன அளவில் மின்சாரம் உண்டாகும். சர்க்கரை கூடினால் மின்சாரமும் கூடும். சென்சார் அதை அளந்து எண்ணாக மாற்றுகிறது. இந்த யோசனை புதியது இல்லை. அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க் என்ற விஞ்ஞானி 1962லேயே இதைச் சொன்னார். உடம்பில் போட்டுக்கொள்ளும் கருவி 1999இல் அங்கே அனுமதி பெற்றது. அப்போது 3 நாள்தான் தாங்கும். நம் நாட்டுக்கு ஆபட் கம்பெனியின் ‘லிப்ரே ப்ரோ’ 2015இல் வந்தது. அது 14 நாள் தாங்கும். இன்று பல வகை இருக்கின்றன. சிலது 10 நாள், சிலது 14 நாள், 15 நாள். சிலவற்றின் கணக்கை டாக்டரிடம்தான் பார்க்க முடியும். சிலவற்றில் நம் போனிலேயே பார்க்கலாம்.

அந்த லிப்ரே ப்ரோ 15 நிமிடத்துக்கு ஒரு தரம் ஒரு எண்ணைக் குறித்து வைக்கும். நோட்டை எடுங்கள், கணக்குப் போடுவோம். 1 மணி நேரத்தில் எத்தனை தரம்? 4. ஒரு நாளில் 24 மணி. 24 பெருக்கல் 4? சரி, 96. அந்த 96ஐ 14 நாளால் பெருக்குங்கள். 1344. விரலை 1344 தரம் குத்த யாரால் முடியும்?

இத்தனை எண்ணையும் யார் படிப்பது என்று பயப்பட வேண்டாம். அது எல்லாவற்றையும் ஒரு கோடாக வரைந்து காட்டும். அந்தக் கோட்டைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

பலகையைப் பாருங்கள். கீழே மணி எழுதியிருக்கிறேன். காலை 6, 9, 12, மாலை 3, 6 என்று போகிறது. இடது பக்கம் சர்க்கரை எண். 70க்கு நேராக ஒரு கோடு. 180க்கு நேராக ஒரு கோடு. இந்த இரண்டையும் நம் பாகுதா ஆற்றின் இரண்டு கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரையின் கோடு நடுவில் ஆறு மாதிரி ஓடவேண்டும். 180க்கு மேலே போனால் கரை உடைகிறது. 70க்குக் கீழே போனால் ஆறு வற்றுகிறது.

எப்போதும் கரைக்குள்ளேயே இருக்குமா? இருக்காது. யாரும் அப்படி எதிர்பார்க்கவும் இல்லை. 24 மணி நேரத்தில் சுமார் 17 மணி நேரம் கரைக்குள் இருந்தால் நல்லது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். 70க்குக் கீழே மொத்தமாக 1 மணி நேரம்கூட இருக்கக் கூடாது. ரொம்ப வயதானவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்குப் பாதி நாள் கரைக்குள் இருந்தாலே போதும். ஆனால் 70க்குக் கீழே கால் மணி நேரம்கூட ஆபத்து. கர்ப்பிணிகளுக்குக் கணக்கு இன்னும் கறாரானது. அதை டாக்டர் சொல்வார்.

‘மூணு மாசச் சுகர்’ என்று ஒரு டெஸ்டு எடுக்கிறோமே, அது போதாதா என்று கேட்பீர்கள். அது 3 மாதச் சராசரி. நல்ல டெஸ்டு. கண்டிப்பாக எடுங்கள். ஆனால் சராசரி ஒன்றை மறைக்கும். இருவர் இருக்கிறார்கள். ஒருவருக்கு எப்போது பார்த்தாலும் 150. இன்னொருவருக்கு ஒரு வேளை 60, ஒரு வேளை 240. 60ஐயும் 240ஐயும் கூட்டுங்கள். 300. இரண்டால் வகுங்கள். 150! இருவருக்கும் சராசரி ஒன்று. ஆனால் இரண்டாமவர் எந்த நேரமும் மயங்கி விழலாம். இன்னொன்று, ரத்தசோகை இருக்கும் பெண்களுக்கு இந்த 3 மாத டெஸ்டு தப்பாகக் காட்டுவதும் உண்டு. நம் பக்கத்தில் ரத்தசோகை இல்லாத பெண்கள் எத்தனை பேர்?

இப்போது களிக்கு வருவோம்.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியம்மா. சுகர் வந்து 9 வருடம். ‘நான் அரிசியத் தொடறதே இல்லப்பா. மூணு வேளையும் களிதான். அப்புறமும் ஏன் ஏறுது?’ என்று கேட்டுக்கொண்டே இருப்பார். டாக்டர் அவருக்கு 14 நாள் சென்சார் போட்டார். சாப்பிட்டதை எல்லாம் நேரத்தோடு எழுதி வைக்கச் சொன்னார். பேத்தி எழுதினாள். கோட்டைப் பார்த்தால், களி சாப்பிட்ட ஒன்றரை மணி நேரத்தில் 250. கூழ் குடித்த நாளில் இன்னும் சீக்கிரம் ஏறியிருக்கிறது. பெரியம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. மிஷின் கெட்டுப்போச்சு என்றார்.

மிஷின் கெடவில்லை. கேழ்வரகு நல்ல தானியம்தான். அரிசியைவிட நார்ச்சத்து அதிகம். சுண்ணாம்புச் சத்து மிக அதிகம். ஆனால் 100 கிராம் கேழ்வரகில் 70 கிராம் அளவுக்கு மாவுச்சத்தும் இருக்கிறது. மாவுச்சத்து எல்லாம் வயிற்றில் சர்க்கரை ஆகிவிடும். நன்றாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் சீக்கிரம் செரித்துச் சீக்கிரம் ஏறும். அதோடு நம் பக்கத்துக் களியில், அதாவது சங்கட்டியில், என்ன போடுகிறோம்? முதலில் அரிசியை வேகவைத்து, அதில்தானே மாவைக் கொட்டிக் கிளறுகிறோம்! அரிசியைத் தொடவே இல்லை என்று யார் சொல்வது? உருண்டையின் அளவும் ஒரு கணக்கு. பெரியம்மாவின் உருண்டை என் இரண்டு கைக்கும் அடங்காது.

டாக்டர் களியை நிறுத்தச் சொல்லவில்லை. பாதி உருண்டை, அதற்கு முன்னால் ஒரு கிண்ணம் கீரையும் பயறும், சாப்பிட்ட பிறகு கோயில் குளத்தை இரண்டு சுற்று. சென்சார் கையில் இருக்கும்போதே அப்படிச் செய்து பார்த்தார். அதே களிக்கு அன்றைக்கு 185 வரைதான் போனது. இதைத்தான் நான் பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். ‘களி சாப்பிடாதே’ என்று யாரோ சொன்னதை அவர் கேட்கவில்லை. தன் கோட்டைத் தானே பார்த்துப் புரிந்துகொண்டார்.

வெல்லமும் அப்படித்தான். நம் சித்தூர் மாவட்டம் வெல்லத்துக்குப் பெயர் போனது. ‘சர்க்கரைதான் கெடுதல், வெல்லம் ஒன்றும் செய்யாது’ என்று கடையில் சொல்வார்கள். கோட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இரண்டுக்கும் ஏறும். மாம்பழக் காலத்தில் நம் கோடுகள் எல்லாம் மலை மாதிரி இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. லட்டுப் பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை. ஒரு துளி போதும், சாமி கோபிக்க மாட்டார்.

ஏறுவது மெதுவாகக் கெடுக்கும். கண், சிறுநீரகம், கால் நரம்பு என்று வருடக் கணக்கில் கெடுக்கும். இறங்குவது அப்படி இல்லை. அரை மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். அதனால் இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கும், சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கலாம். கை நடுங்கும். வேர்த்துக் கொட்டும். நெஞ்சு படபடக்கும். பசி தாங்காது. இன்னும் இறங்கினால் பேச்சுக் குழறும், கண் மங்கும். பார்க்கிறவர்கள் ‘குடிச்சிருக்கான்’ என்பார்கள். ‘சாமி வந்திருக்கு’ என்பார்கள். அப்படிச் சொல்லிக்கொண்டே உயிரை விட்டுவிடக் கூடாது.

ராத்திரியில் இறங்கினால் யாருக்குத் தெரியும்? இன்சுலின் போடும் ஒரு அண்ணனுக்கு விடிகாலையில் தலையணை வியர்வையில் நனைந்திருக்கும். தலை வலிக்கும். வெயில் காலம் என்று விட்டுவிட்டார். சென்சார் போட்டபோது பல ராத்திரிகளில் 3 மணிக்குக் கோடு 55க்கு வந்திருந்தது. டாக்டர் ராத்திரி ஊசியின் அளவைக் குறைத்தார். குறைத்தது டாக்டர். இதைக் கவனியுங்கள். கோட்டைப் பார்த்து நாமாக ஊசியைக் கூட்டுவதோ, மாத்திரையை நிறுத்துவதோ கூடாது.

நம் ஊரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. திருமலைக்கு நடந்து போகிறோம். அலிபிரியிலிருந்து 3500 படிக்கு மேல். பலர் விரதம் இருந்து, காலையில் ஊசியும் போட்டுக்கொண்டு ஏறுகிறார்கள். வயிற்றில் ஒன்றும் இல்லை, உடம்பில் ஊசி மருந்து வேலை செய்கிறது, காலும் வேலை செய்கிறது. சர்க்கரை எங்கே நிற்கும்? போவதற்கு முன்னால் டாக்டரிடம் ஊசி அளவைக் கேளுங்கள். வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். தனியாக ஏறாதீர்கள். இடுப்பில் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கட்டும்.

இறங்கிவிட்டால் என்ன செய்வது? 3 டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் உட்காருங்கள். மறுபடியும் சுகர் பாருங்கள். 70க்கு மேல் வரவில்லை என்றால் இன்னொரு தரம் குடியுங்கள். வந்த பிறகு ஏதாவது சாப்பிடுங்கள். ஆள் நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்கு போன் செய்யுங்கள்.

சென்சாரும் சில நேரம் தப்பாகச் சொல்லும். ஒட்டிய கையின் மேலேயே படுத்துத் தூங்கினால் கோடு பொய்யாகக் கீழே போகும். இன்னொன்று, அது ரத்தத்தை அளக்கவில்லை, தோலடி நீரை அளக்கிறது. அதனால் 5 முதல் 15 நிமிடம் பின்னால் வரும். ரத்தத்தில் சட்டென்று இறங்கும்போது சென்சார் இன்னும் நல்ல எண்ணையே காட்டலாம். உடம்பு நடுங்குகிறது, சென்சார் 90 என்கிறது என்றால், உடம்பை நம்புங்கள். விரலைக் குத்திப் பாருங்கள்.

இனிக் காசு விஷயம். ஒரு சென்சார் சில ஆயிரம் ரூபாய். அதைக் கழற்றினால் மறுபடியும் போட முடியாது. புதிதுதான் வாங்க வேண்டும். இங்கிலாந்தில் முதல் வகைச் சுகர் உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் சென்சார் தரலாம் என்று 2022இல் அரசு மருத்துவ அமைப்பு பரிந்துரைத்தது. இங்கே பெரும்பாலோர் கைக்காசு போட்டுத்தான் வாங்குகிறார்கள். கூலி வேலை செய்கிற வீட்டில் இது சின்னக் காசு இல்லை. அதனால் யாருக்கு அவசியம் என்று யோசிக்க வேண்டும். சிறு வயதிலேயே சுகர் வந்து ஊசியில் வாழும் பிள்ளைகள். தினமும் பல தரம் ஊசி போடுகிறவர்கள். அடிக்கடி மயக்கம் வருகிறவர்கள். சுகர் உள்ள கர்ப்பிணிகள். இவர்களுக்கு முதலிடம். மாத்திரை மட்டும் சாப்பிட்டுக் கட்டுப்பாட்டில் இருக்கிறவர் மாதா மாதம் வாங்க வேண்டியதே இல்லை. டாக்டர் சொன்னால் எப்போதாவது ஒரு 14 நாள் போட்டுப் பார்த்தால் போதும். நகையை அடகு வைத்து வாங்காதீர்கள்.

விரலைக் குத்தாமல், தோலையும் குத்தாமல் சுகர் காட்டும் கைக்கடிகாரம், மோதிரம் என்று விளம்பரம் வரும். விலையும் குறைவாக இருக்கும். வாங்காதீர்கள். அப்படிப்பட்ட எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்துத் துறை 2024இல் எச்சரித்தது. அது காட்டும் எண்ணை நம்பி ஊசி போட்டால் ஆபத்து.

சில அக்காக்கள் கேட்ட கேள்விகளுக்கு வருகிறேன். சென்சாரோடு குளிக்கலாமா? குளிக்கலாம். கிணற்றில் குதித்து ஆழத்தில் முங்க வேண்டாம். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று ஒட்டினால் ஒட்டாது. வயல் வேலைக்குப் போகலாமா? போகலாம், மூட்டை தூக்கும்போது கை உரசாமல் பாருங்கள். ஸ்கேன் எடுக்கப் போனால் கையில் சென்சார் இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுங்கள். அரிப்போ புண்ணோ வந்தால் கழற்றிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

சென்சார் வாங்க முடியாதவர்கள் என்ன செய்வது? கோடு நம் நோட்டிலும் வரையலாம். ஒரு சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். களியோ இட்லியோ சோறோ. சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு தரம் குளுக்கோமீட்டரில் பாருங்கள். சாப்பிடத் தொடங்கி 2 மணி நேரம் கழித்து ஒரு தரம் பாருங்கள். இரண்டு எண்ணையும் எழுதுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம்தான் அந்தச் சாப்பாட்டின் வேலை. அடுத்த நாள் அதையே பாதி அளவு சாப்பிட்டு, சாப்பிட்ட பிறகு நடந்து பாருங்கள். வேறொரு நாள் வேறொரு சாப்பாடு. ஒரு வாரத்தில் எது நமக்கு ஏற்றுகிறது என்று ஓரளவு தெரிந்துவிடும். ராத்திரிக் கணக்கு இதில் முழுதாகக் கிடைக்காது. ஊசி போடுகிறவர்கள் டாக்டர் சொன்னால் ஒன்றிரண்டு நாள் அலாரம் வைத்து எழுந்து பார்க்கலாம். வீட்டில் மிஷின் இல்லாதவர்கள் ஆஷா அக்காவிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள்.

அடுத்த புதன்கிழமை வரும்போது நோட்டும் ஸ்கேலும் பென்சிலும் கொண்டு வாருங்கள். 5 கட்டம் போடுவோம். முதல் கட்டத்தில் தேதி. இரண்டாவதில் என்ன சாப்பிட்டோம், எவ்வளவு. மூன்றாவதில் சாப்பிடும் முன் எண். நான்காவதில் 2 மணி நேரம் கழித்து எண். ஐந்தாவதில் நடந்தோமா, மாத்திரை போட்டோமா. சுகர் உள்ளவர்கள் இந்த வாரம் ஒரு நாளாவது பார்த்துவிட்டு இரண்டு எண்ணோடு வாருங்கள். எழுத்துக் கோணலாக இருந்தால் பரவாயில்லை. எண் மட்டும் சரியாக இருக்கட்டும்.